கிளாராவுக்கும் கீட்டனுக்கும் சம ஓட்டு

வந்திருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் திரும்பிப் பார்க்க வேண்டும், திரும்பினால் விரல் தப்பும், விரல் தப்பினால் திரையில் ஓடுகிற கேக் தம்பி காலடிச் சத்தமே இல்லாமல் ஓடுவான், ஊமைப் படத்துக்கு நான்தான் காலடி, நான்தான் மழை, நான்தான் நாய்க்குரைப்பு, அதனால் திரும்பக் கூடாது செலின், கையைப் பார், திரையைப் பார், கையைப் பார். அறுபது பேர் உட்காரும் இந்த மாடி ஹாலில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவள் நான் ஒருத்திதான், திரைக்கு இடது பக்கம், கீபோர்டின் முன்னால், ஒரு சின்ன பெஞ்சில். படம் தொடங்குவதற்கு முன்பே பார்த்திருக்கலாம், பார்த்தேன், அப்போது வரவில்லை, என் அக்கா ரோஸி முதல் வரிசையில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எங்கள் ஊமைப்பட மன்றத்துச் செயலாளர் தங்கதுரை புரொஜக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார், கடைசி வரிசை ஓரத்து நாற்காலி காலி. சவரிராயன் எப்போதும் அந்த நாற்காலியில்தான் உட்காருவார், ஊர் ஜனத்தின் கண்ணையெல்லாம் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷருக்குத் தூரத்தில் உட்கார்ந்தால்தான் படம் பார்த்த மாதிரி இருக்குமாம். விளக்கை அணைத்தார்கள், நான் வாசிக்கத் தொடங்கினேன், அதற்கப்புறம் கதவு மூன்று தரம் கிறீச்சிட்டது, மூன்றில் ஒன்று அவராக இருக்கலாம், மூன்றும் வேறு யாராகவும் இருக்கலாம். வந்திருந்தால் அவர் கேட்ட கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் நான் சிரித்த சிரிப்பு அதைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது, நானும் ஒரு மாதமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

இதோ சுருட்டை வந்துவிட்டாள், அவளுக்குப் புல்லாங்குழல் பட்டன். இந்தப் படத்தின் ஆரம்பம் எங்கோ வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது, பெயர்ப் பட்டியலே இல்லை, நடித்தது யார், எடுத்தது யார், ஒன்றும் தெரியாது, அதனால் மன்றத்தில் நாங்களே பெயர் வைத்தோம், கேக் சுமக்கிற பையன் கேக் தம்பி, அவன் காதலி சுருட்டை, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பணக்காரக் குண்டர் மூட்டை. கல்யாண கேக்கைச் செய்து சுமந்து போகிறவன் கேக் தம்பி, கல்யாணமோ சுருட்டைக்கும் மூட்டைக்கும், பாவம் படம் முழுக்க அந்தக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் ஓடுகிறான். சுருட்டையின் கண்ணைப் பாருங்கள், அப்படியே ஹாலிவுட் ஊமைப் பட நடிகை கிளாரா போவின் கண், பாதி அழுகை பாதி குறும்பு, ஆனால் கிளாரா அளவுக்கு யாருக்கு வரும். என் கிளாரா ஒரு பார்வை பார்த்தால் திரைக்கு வெளியே இருக்கிற நமக்கும் யாரோ தோளில் இடித்த மாதிரி இருக்கும். பேசும் படம் வந்தபோது மைக்கைப் பார்த்துப் பயந்து நடுங்கினாளாம், அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா கேட்டாள், "யாருடி செத்தது?" என்று. அக்காவுக்கு வேலண்டினோ, சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த அழகன், அவர் சவ ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தைப் பற்றிப் பேசினால் அக்கா நேரில் போய்விட்டு வந்த மாதிரி பேசுவாள். தங்கதுரைக்கு டக்ளஸ் ஃபேர்பேங்ஸ், மதில் தாண்டுகிற, பால்கனியிலிருந்து குதிக்கிற ஃபேர்பேங்ஸ், இவருக்கோ மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். கார்போவுக்கு ஒரு கோஷ்டி, கண்ணாடி போட்ட ஹெரால்டு லாயிடுக்கு ஒரு கோஷ்டி, லான் சேனிக்கு ஒரே ஓர் ஓட்டு, அது ஒரு காது டாக்டருடையது, சேனியின் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, அதனால்தான் அந்த மனிதன் முகத்தாலும் கையாலும் பேசப் பழகினான் என்று ஒவ்வொரு வருஷமும் எழுந்து நின்று சொல்லுவார், ஒவ்வொரு வருஷமும் எனக்குக் கண் கலங்கும், ஆனாலும் ஓட்டு கிளாராவுக்குத்தான்.

சவரிராயனுக்கு பஸ்டர் கீட்டன். வேறு யார், சிரிக்காத மூஞ்சிக்குச் சிரிக்காத மூஞ்சி. கீட்டன் மேலேயிருந்து விழுவான், கீழேயிருந்து எழுவான், உலகமே அவன் தலையில் இடிந்து விழும், மூஞ்சியில் ஒரு கோடு அசையாது, நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். இவரும் அப்படித்தான், ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், ஹாலே உருண்டு புரண்டு சிரிக்கும்போது இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பிடிக்கவில்லையா சார் என்றால், "ரொம்ப சிரிச்சிட்டேன் டீச்சர், விலா வலிக்குது" என்பார், அதையும் அதே மூஞ்சியோடு. அவர் சொல்கிற ஜோக்கில் எப்போதும் இரண்டு வரி இருக்கும். முதல் வரியை இரங்கல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி சொல்லுவார், நாம் ஐயோ என்று வாயைத் திறக்கும்போது இரண்டாவது வரி வரும். "டீச்சர், நேத்து கடைக்கு வந்தவருக்குப் பார்வை சுத்தமாப் போச்சு." ஐயையோ, யாரு சார்? "பொண்டாட்டி எதிர்ல வந்தா மட்டும்." இப்படி. எனக்கு அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பு வந்துவிடும், முதல் வரியிலேயே ஆரம்பித்துவிடுவேன், இரண்டாவது வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அவர் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து நீட்டுவார், அதில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். அந்த வாசனை இப்போது அடிக்கிறதா? இல்லை, இது தங்கதுரை தேய்த்திருக்கும் முட்டி வலித் தைலம்.

அட்டை வந்துவிட்டது, இங்கிலீஷ் எழுத்து, நான் விரலை மெதுவாக்குகிறேன், தங்கதுரை குரலை உயர்த்துகிறார். எங்கள் மன்றத்தில் அது வழக்கம், அட்டையில் வருகிற வசனத்தை அவர் தமிழில் சொல்லுவார், இருப்பதைச் சொல்லுவார், இல்லாததையும் சேர்த்துச் சொல்லுவார். "டேய் பொடியா, கேக்கு கீழ விழுந்துச்சு, உன்னைய அடுப்புல வச்சு வேக வச்சிடுவேன்னு மூட்டை சொல்றாரு. அதுக்கு நம்ம தம்பி, அண்ணே, மொதல்ல உங்க தொப்பையைக் கொஞ்சம் நகத்துங்க, வழி தெரியலங்குறான்." ஹால் சிரிக்கிறது. நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன், கணகண என்று ஒரு சிரிப்பு, அது பேங்க் அம்மா, கொக்கரிப்பு காது டாக்டர், கடைசியாக வருவது அக்கா, அவளுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். சிரிப்பை வைத்து எல்லாரையும் கண்டுபிடித்துவிடலாம், அந்த ஒரு மனுஷனைத் தவிர. இருந்தாலும் சத்தம் வராது, இல்லாவிட்டாலும் வராது, நல்ல ஆளாகப் பார்த்துத்தான் மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டேன் என்று சொல்கிறேனே, வாய் கூசாமல். மாட்டிக்கொள்ள அவர் தயாராக நின்றபோது நான் என்ன செய்தேன்? போன மாதம், வருஷாந்திர ஓட்டு, இந்த வருஷத்து மன்றத்தின் நட்சத்திரம் யார் என்று கை தூக்கி எண்ணுகிற நாள், கடைசியில் நின்றவர்கள் கிளாராவும் கீட்டனும், நான் கிளாராவுக்காகப் பேசினேன், கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம், அவர் கீட்டனுக்காக எழுந்து நின்று, "கீட்டன் பேச மாட்டார். நானும் பேசல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், அதற்கே கைதட்டல். எண்ணினால் சம ஓட்டு. மறுபடி எண்ணினாலும் சமம். தங்கதுரை தலையில் கையை வைத்துக்கொண்டு, "இது தேறாது, பக்கோடாவ சாப்பிடுவோம்" என்றார். கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "சமமாப் போச்சு டீச்சர்." ஆமாம் சார், இப்ப என்ன பண்றது? "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" நான் சிரித்தேன். ஐயோ, அப்படியா சிரிப்பது, ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டுவிட்டு சிரித்தேன், சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது, அவர் துணியை எடுத்து நீட்டினார், வாங்கித் துடைத்தேன், துடைத்துக்கொண்டே சிரித்தேன். கிளாராவும் கீட்டனும் சமம் என்றால் கல்யாணம்தான் தீர்ப்பு, இதைவிட நல்ல ஜோக்கை அவர் ஆறு வருஷத்தில் சொன்னதில்லை. "சரி டீச்சர், மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார், ஹெல்மெட்டை மாட்டினார், போய்விட்டார். நானும் கிளம்பினேன், தென்னூர் சிக்னலில் நிற்கிறேன், இன்னும் சிரிப்பு அடங்கவில்லை, பக்கத்து ஆட்டோக்காரர் என்னைப் பார்க்கிறார், அப்போது உறைத்தது. இரண்டாவது வரி வரவில்லை. அவர் ஜோக்கில் இரண்டாவது வரி இல்லாமல் இருந்ததே இல்லை. பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் நகரவில்லை, துணி என் கையிலேயே இருந்தது.

ஊரில் எந்தப் பெண்ணும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டாள், ஊமைப் படம் பார்த்துப் பார்த்து மூளை இப்படித் திரும்பியவளால்தான் முடியும். வேறு ஒருத்தியாக இருந்தால் மூஞ்சியைப் பார்த்தே புரிந்திருக்கும், இவ்வளவு கறாரான மூஞ்சியோடு ஒருவன் கேட்டால் நிஜமாகத்தான் கேட்கிறான் என்று. எனக்கோ கறாரான மூஞ்சி என்றாலே சிரிப்பு. ஐம்பத்து நாலு வயசு வரை யாரும் கேட்கவில்லையா, கேட்டார்கள், இருபதுகளில் வந்த ஜாதகமில்லாத சம்பந்தங்கள், ஆலந்தூர் மாமா கொண்டுவந்த துபாய்க்காரன், எல்லாருக்கும் என் பதில் ஒரே பதில்தான், வேண்டாம், எனக்கு என் பிள்ளைகளும் பாட்டும் போதும். அது பொய் இல்லை. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகள், ஞாயிறு காலை கோயிலில் ஆர்கன், சனிக்கிழமை இங்கே, வீட்டில் அக்கா, சண்டை போட ஆள் வேண்டுமா, அவள் ஒருத்தி போதாதா. குறை என்று எதையும் நினைத்தது இல்லை. பின் எதற்கு அந்த சிக்னலில் அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டது? பயமா? பயம்தான், ஆனால் வெறும் பயமாக இருந்தால் அதற்குள் இப்படி ஒரு இனிப்பு எங்கிருந்து வந்தது? எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மூஞ்சி பிடித்திருக்கிறது, அந்தக் குரல் பிடித்திருக்கிறது, கடைசி வரிசையில் அவர் இருக்கிறார் என்பதற்காகத்தான் நான் ஆறு வருஷமாகப் வெறும் நூல் புடவை கட்டாமல் பட்டுக்கரை போட்டதைக் கட்டிக்கொண்டு வருகிறேன், முதுகுதானே தெரியும் என்று தெரிந்தும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷமும் ஒரு சிக்னலும் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்த காட்சிக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. போன் செய்தேன், என்ன சார் ஆளையே காணோம் என்றேன், "கடையில ஆள் இல்ல டீச்சர்" என்றார், இந்தச் சனிக்கிழமை நம்ம பேரில்லாத படம் சார், கேக் தம்பி என்றேன், "பார்க்கலாம் டீச்சர்" என்றார். பார்க்கலாம். தமிழில் இதைவிட மோசமான சொல் இருக்கிறதா? வருகிறேன் என்பதும் பார்க்கலாம்தான், வரமாட்டேன் என்பதும் பார்க்கலாம்தான். அப்போதே சொல்லியிருக்கலாமே, சார், அன்றைக்கு நான் சிரித்தது ஜோக் என்று நினைத்து என்று, நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் போனில் முகம் தெரியாது, நேரில் முகத்தைப் பார்த்துக்கொண்டே புரியாதவள் போனில் என்னத்தைப் புரிந்துகொள்வேன், அவர் அந்தப் பக்கம் சரி என்றால் அது எந்தச் சரி? அடுப்படியிலிருந்து அக்கா வேறு, "யாருடி, கண்ணாடிக்காரரா? ஏன் வர்றதில்லையாம்?" கடையில் ஆள் இல்லையாம் என்றேன். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கட்டிக்கறதா இருந்தா முட்டி வலி வர்றதுக்கு முன்னாடியே கட்டிக்கணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, உனக்கு இன்னும் வரல." அவர் கேட்டதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தின் வசனம் அவளுக்குத் தாமதமாகத்தான் புரியும், என் விஷயம் மட்டும் எனக்கு முன்பே புரிந்துவிடுகிறது.

கோயில் காட்சி வந்துவிட்டது, கவனம், சுருட்டை வெள்ளை கவுனில் நடந்து வருகிறாள், முகத்தில் இழவு, மூட்டை மோதிரத்தைத் தடவுகிறார், வெளியே கேக் தம்பி நாலடுக்குக் கேக்கோடு படியேறுகிறான், கால் தள்ளாடுகிறது. இங்கே சோகம் வாசிக்க வேண்டும், மெதுவாக, கீழ்க்கட்டைகளில், எத்தனை தரம் வாசித்திருக்கிறேன். பின்னால் ஒரு நாற்காலி நகர்கிறது. கடைசி வரிசை. இரும்பு நாற்காலி தரையில் உரசுகிற சத்தம், இடது ஓரம், அந்த ஓரமா, ஆமாம், அந்த ஓரம்தான், யாரோ எழுந்திருக்கிறார்கள், இருந்திருக்கிறார், இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறார், ஆனால் எழுந்துவிட்டாரே, போகிறாரா, பாதியில் போகிறவர் இல்லையே, போகிறார் என்றால், கதவு கிறீச்சிட்டால், என் கை தானாக எந்தப் பட்டனுக்குப் போனது என்று எனக்கே தெரியாது, கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் மின்னல் வேகத்தில் கொட்டி முழக்குகின்றன, திரையில் சுருட்டை இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள், மோதிரம் இன்னும் டப்பாவில் இருக்கிறது. ஹால் ஒரு கணம் திகைத்தது, அப்புறம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பேங்க் அம்மா அட்சதை தூவுகிற மாதிரி கையை ஆட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் யாரோ, "அட, போடுங்கம்மா போடுங்க!" என்கிறார்கள். தங்கதுரைக்குத் தாங்கவில்லை. "டீச்சர், தாலி இன்னும் எடுக்கவே இல்ல!"

எனக்கு எதுவும் காதில் விழவில்லை, கதவுக்காகத்தான் காத்திருந்தேன், கதவு கிறீச்சிடவில்லை. செருப்புச் சத்தம் வந்தது. சுவரோரமாக, முன்னால், என் பக்கமாக. ஸ்பிரிட் வாசனை. இடது காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல், இரங்கல் கூட்டத்துக் குரல்.

"கெட்டிமேளத்தைச் சீக்கிரம் அடிச்சிட்டீங்க டீச்சர்."

கை நின்றுவிட்டது. இரண்டு கையும். பட்டனை அணைத்தேனா, தானாக அணைந்ததா, தெரியவில்லை, ஹாலில் திடீரென்று புரொஜக்டர் விசிறியின் சத்தம் மட்டும். திரும்பினேன். திரையின் வெளிச்சம் அவர் மூஞ்சியில் கறுப்பும் வெள்ளையுமாக விழுந்துகொண்டிருக்கிறது, ஒரு கோடு அசையவில்லை, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சீக்கிரமா? ஒரு மாசம் லேட்டு சார்," என்றேன். "நீங்க அன்னைக்குக் கேட்டது நிஜமாத்தான் கேட்டீங்கன்னு எனக்கு சிக்னல்ல வந்துதான் தெரிஞ்சுது. எனக்குச் சம்மதம்."

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். முந்நூறு பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல் எனக்கு, அதற்கு மெதுவாகவே தெரியாது. கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கிறது. திரையில் ஓர் அட்டை வந்தது, தங்கதுரை அதைப் படிக்கவில்லை. அக்கா பிளாஸ்க்கைக் கீழே போட்டாள்.

"வாசிங்க டீச்சர்," என்றார் அவர். குரலில் என்னவோ ஒரு இடம் உடைந்திருந்தது. "தம்பி மூணாவது படியில இருக்கான். கேக்கு விழப் போகுது."

பெஞ்சு ஒருத்திக்கானது. நான் நகர்ந்துகொண்டேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்தார், எனக்கு உடம்பெல்லாம் கொண்டாட்டம், யாரோ கைதட்டினார்கள், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள், "என்னம்மா நடக்குது அங்க!" என்று அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, நான் வலது கையால் ஓடத் தொடங்கினேன், கேக் தம்பியின் காலடி, சுருட்டை திரும்பிப் பார்க்கிறாள், மூட்டை வாயைப் பிளக்கிறார், தம்பியின் கால் இடறுகிறது, நாலடுக்கும் சாய்கிறது, இந்த இடத்தில் கீழ்க்கட்டைகளில் ஓர் இடி போட வேண்டும், இடது கையால் போடுவது. இடது கையை அவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நானும் திருப்பிக் கேட்கவில்லை. கேக் சத்தமில்லாமல் விழுந்தது.